பொட்டளவு பழம்

வெல்லத்தை எங்களுக்கு விற்ற கடைக்காரர் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். "தினமும் கேரட் போடுங்க. முட்டைக்கோஸ் தழை போடுங்க. தண்ணி மட்டும் வச்சிடாதீங்க, முயல் செத்துப்போயிடும்." நான் மூன்றையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டேன். மூன்றும் தப்பு என்று தெரிவதற்குள் ஏழெட்டு மாதம் ஓடி, ஓர் ஆடிப்பெருக்கும் வந்து போய்விட்டது.

வெல்லம் என்பது முயலின் பெயர். அச்சு வெல்லத்தின் அதே நிறம், கையில் எடுத்தால் ஏறக்குறைய அதே கனம். மகள் வைத்த பெயர். அப்போது அவளுக்கு ஆறு வயது. இனிப்பே ஆகாத பிராணிக்கு இப்படி ஒரு பெயரா என்று பிறகு ஒரு டாக்டர் கேட்டார். அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை.

தண்ணீர் விஷயம் இரண்டாம் நாளே வெளுத்துவிட்டது. குளித்துவிட்டு வந்தவள் குளியலறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஈரத் தரையை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். தலையை நிமிர்த்தாமல் இரண்டு நிமிடம் குடித்தது. ஒரு முயலுக்கு அதன் எடையில் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லி வரை ஒரு நாளைக்குத் தண்ணீர் வேண்டும். திருச்சி வெயிலில் எந்தப் பக்கக் கணக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தத் 'தண்ணீர் வைக்காதே' நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். நிறையப் பச்சைப்புல் தின்கிற முயல் தண்ணீர் குறைவாகக் குடிப்பதைப் பார்த்து யாரோ கட்டிவிட்டிருக்க வேண்டும். அதைச் சொல்லியே எத்தனை குட்டிகளைக் காயப்போட்டோமோ.

கேரட்டும் முட்டைக்கோஸும் வெளுக்க நாளானது. அதற்கு முன்னால் வாழைப்பழம் வந்தது.

எங்கள் வீடு உறையூரில். மாமனார், மாமியார், கணவர், மகள், நான், ஐந்து பேர். ஊரைச் சுற்றி வாழைத் தோட்டம். வாழைக்கென்றே 1993 முதல் ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊர். காந்தி மார்க்கெட்டிலிருந்து சீப்பு சீப்பாகப் பழம் வராத வாரம் இல்லை. பூஜைக்குப் பூவன், மாமாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கற்பூரவள்ளி, குழந்தைக்கு ரஸ்தாளி. இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு முயலைக் கொண்டுவந்து விட்டால் என்ன நடக்கும்? வந்த பத்தாம் நாள், கூடத்தின் அந்தக் கோடியில் படுத்திருந்தது, மாமா பழத்தோலை உரிக்கிற சத்தம் கேட்டு ஓடிவந்து அவர் வேட்டியைப் பிடித்து நிமிர்ந்து நின்றது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னைத் தெரியுது பாரு அதுக்கு!" அதற்குத் தெரிந்தது பழத்தை. ஆனால் ஓய்வுபெற்ற மனிதரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா.

அன்றிலிருந்து மாமாவின் பழத்தில் பாதி அதற்கு. அத்தை சுவாமிக்கு நைவேத்தியம் செய்த பழத்தில் ஒரு துண்டு தனியாக. "வாயில்லா ஜீவன், ஆசையா பாக்குதும்மா" என்பார். வெல்லத்துக்கு வாய் உண்டு, அதுதான் பிரச்சினையே என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பழம்தானே, சத்துதானே என்று எனக்கும் ஒரு எண்ணம். குழந்தை பழம் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்த காலம் அது. முயலாவது சாப்பிடுகிறதே!

ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபத்தில் கும்பிட்டுவிட்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். காப்பரிசி, நாவற்பழம், பேரிக்காய், கொய்யா, வாழைப்பழம். கூண்டு திறந்திருந்தது. பிறகு மூன்று நாள் கழித்து போலீஸ் விசாரணை மாதிரி ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டபோதுதான் முழுக் கதையும் வந்தது. மாமா பாதி கற்பூரவள்ளி. மகள் பேரிக்காய் நாலு வில்லை. கணவர் கொய்யாவில் ஒரு கால். அத்தை ஒரு சிட்டிகை காப்பரிசி; ஊறவைத்த பச்சரிசியும் வெல்லமும் எள்ளும் கலந்தது. நான் இரண்டு நாவற்பழத்தின் சதை. ஐந்து பேரும் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று: "கொஞ்சம்தான் கொடுத்தேன்."

மறுநாள் மத்தியானம் அதன் பின்பக்கம் கறுப்பாகப் பசைபோல ஒட்டிக்கிடந்தது. நாற்றமென்றால் நாற்றம். சாதாரணமாக முயல் வளர்க்கிற வீட்டில் புழுக்கை நாறாது. உலர்ந்த கொண்டைக்கடலை மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும், துடைப்பத்தால் தள்ளிவிடலாம். இது வேறு. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். இரவு கீரை வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விடிந்து பார்த்தால் கூண்டின் அடித்தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் முதுகைக் குவித்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. கிட்டே காதை வைத்தால் பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். முயல் சொகுசாக இருக்கும்போதும் பல்லை மெல்ல உரசும். இது வலியில் கடிப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒருமுறை கேட்டால் மறக்காது.

முதலில் போன டாக்டர் நாய், பூனை, மாடு பார்த்துப் பழகியவர். முயலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வயிற்றில் கிருமி என்று வாயில் ஊற்றுகிற அமாக்ஸிசிலின் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். நல்லவேளை, வெல்லம் வாயையே திறக்கவில்லை. சாயங்காலம் கணவரின் நண்பர் ஒருவர் சொல்லி, முயல் பார்த்துப் பழகிய இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, "வாய்வழியா ஆன்ட்டிபயாட்டிக் எதுவும் கொடுத்தீங்களா?" இல்லை என்றதும் மூச்சு விட்டார். அமாக்ஸிசிலின் போன்ற சில மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் செத்து, கெட்டவை பெருகி, முயலையே கொன்றுவிடும். நாய்க்கும் குழந்தைக்கும் கொடுக்கிற அதே மருந்து. முதல் டாக்டரைத் திட்டி இதை எழுதவில்லை. ஆனால் முயல் வளர்க்கிறவர்கள், ஆபத்து வருவதற்கு முன்பே தங்கள் ஊரில் முயல் பார்க்கிற டாக்டர் யார் என்று விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு முயலை மடியில் வைத்துக்கொண்டு தேடக் கூடாது.

இரண்டாவது டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். குடல் சத்தமே இல்லை என்றார். எக்ஸ்ரே எடுத்து அடைப்பு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, தோலுக்கடியில் சலைன், வலிக்கு ஊசி. வீட்டில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துச் சூடு. பெல்லட் என்கிற கடைத் தீனியை அரைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. இரவெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை தட்டில் ஒரு புழுக்கை கிடந்தது. மிளகளவு. நான் போட்ட சத்தத்தில் அத்தை அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தார். இரண்டு பேரும் குனிந்து அந்த மிளகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பால் பொங்கி வழிந்தது அப்புறம்தான் தெரிந்தது.

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். முயலின் வயிற்றுக்குள் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. மாட்டுக்கு அந்தத் தொழிற்சாலை குடலுக்கு முன்னால், இரைப்பைப் பக்கம். முயலுக்குப் பின்னால். சிறுகுடலும் பெருங்குடலும் சேர்கிற இடத்தில் குருட்டுக்குடல் என்று ஒரு பெரிய பை. இரைப்பையைவிடப் பல மடங்கு பெரியது. தின்ற புல்லின் நீள நார் அங்கே நிற்காமல் நேராகப் போய் உலர்ந்த புழுக்கையாக வெளியே வந்துவிடும். சத்து அதில் இல்லை. குடலைத் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அந்த நாரின் வேலை. பொடிப் பொடியானது மட்டும் குருட்டுக்குடலுக்குத் திரும்பிப் போய், அங்கே குடியிருக்கிற நுண்ணுயிர்களால் புளித்து, திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்ற இன்னொரு வகைப் புழுக்கையாகிறது. அதை முயல் கீழே விழவே விடாது. பெரும்பாலும் நாம் பார்க்காத நேரத்தில், குனிந்து ஆசனவாயிலிருந்தே நேரடியாக எடுத்துத் தின்றுவிடும். இதைக் கேட்டதும் அத்தை முகம் சுளித்தார். டாக்டர், "அதுக்கு அதுதாம்மா சத்து மாத்திரை" என்றார். பி வகை வைட்டமினும் புரதமும் அதில்தான்.

இப்போது பழத்துக்கு வருவோம். சிறுகுடல் உறிஞ்சியது போக மிஞ்சுகிற இனிப்பும் மாவும் அந்தப் பைக்குள் போய்ச் சேரும். நாருக்குப் பழகிய நுண்ணுயிர்களின் ஊரில் திடீரென்று சர்க்கரை மூட்டை வந்து இறங்கினால் என்ன ஆகும்? வேறு கூட்டம் பெருகுகிறது, காற்று உண்டாகிறது, மெத்தென்ற புழுக்கை பசையாகிப் பின்பக்கம் ஒட்டுகிறது. வயிறு உப்பி வலித்தால் முயல் சாப்பிடுவதை நிறுத்தும்; சாப்பிடுவதை நிறுத்தினால் குடல் நிற்கும்; குடல் நின்றால் இன்னும் காற்று. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒரு வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அந்த வழி நின்றுபோனால் பன்னிரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஒட்டிய பசையை அப்படியே விட்டால் நம் ஊர்ச் சூட்டில் ஈ வந்து முட்டையிடும். ஒரே நாளில் புழு வைத்துவிடும். அதை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

'கொஞ்சம்தான்' என்பது எவ்வளவு என்று பார்க்க எனக்கு அன்றைக்கு ஓர் ஆசை வந்தது. சமையலறைத் தராசில் ஒரு பூவன் பழத்தை உரித்து வைத்தேன். 74 கிராம். வெல்லம் 1.9 கிலோ. அறுபது கிலோ மனுஷிக்குக் கணக்குப் போட்டால், அந்த ஒரு பழம் எனக்கு ஏறக்குறைய 32 பழம். இரண்டு சீப்புக்கு மேலே. மாமா தினமும் கொடுத்த பாதிப் பழம், நான் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சீப்புப் பழத்தை உட்கார்ந்து தின்றது போல. இதை மாமாவிடம் காட்டினேன். அவர் தராசைச் சந்தேகமாகப் பார்த்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற சாதி.

பழம் சத்தில்லையா என்று கேட்டால், நமக்குச் சத்து. வைட்டமின் சி நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, அதனால் பழம் வேண்டும். முயல் அதைத் தானே செய்துகொள்ளும். ஒரு பழம்கூடத் தின்னாமல் ஆயுள் முழுக்க நன்றாக இருக்கும். அதற்கு வேண்டியது புல்தான், சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல். பல்லும் அதைத்தான் கேட்கிறது. முயலின் முன்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தேய்த்தால்தான் அளவில் நிற்கும். வாழைப்பழத்தை அரைக்க என்ன இருக்கிறது?

வெல்லத்தின் பூர்வீகம் நம் ஊர் காடே இல்லை. கடையில் விற்கிற முயலெல்லாம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து வறண்ட புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்ந்த இனத்தின் வழி. நம் கரட்டில் ஓடுகிற காட்டு முயல் வேறு. அது வளை தோண்டாது, குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் ஒன்றின் கதையை இன்னொன்றின் தலையில் கட்டிவிடுகிறோம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழில் முயல் தீனி பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் முயல் பண்ணைக்கான குறிப்பு. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்று அங்கே இருக்கிற முயல்களைச் சுற்றுலா போனபோது பார்த்தோம். அங்கேயும் பண்ணைகளிலும் சொல்கிற முறைகள் தப்பில்லை. ஆனால் இறைச்சி முயலை மூன்று மாதத்தில் இரண்டு கிலோவாக்கி விற்க வேண்டும். வெல்லம் எட்டுப் பத்து வருஷம் கூடத்தில் படுத்திருக்க வேண்டும். மூன்று மாத வளர்ப்புக்குச் சரியான தானியமும் குதிரை மசால் என்கிற தீவனப் பயிரும் பத்து வருஷ வாழ்வுக்கு ஆகாது. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கெட்டியாகும். நாங்கள் அருகம்புல்லும், பால்காரர் கொண்டுவந்து தருகிற கொழுக்கட்டைப்புல்லைக் காயவைத்தும் போடுகிறோம். (கொழுக்கட்டைப்புல் என்ற பெயரைக் கேட்டதும் மகள் அதையும் தின்று பார்த்தாள்.) டிமோத்தி புல் பாக்கெட்டில் வருகிறது, விலை மனுஷ அரிசியைவிட அதிகம், அது மழைக்காலத்துக்கு மட்டும்.

சரி, பழமே கொடுக்கக் கூடாதா? அத்தை டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். டாக்டர் சொன்னது: முயல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி என்பது ஒரு நாளைக்கு மேல்வரம்பு. நீங்கள் அதில் பாதியோடு நிறுத்துங்கள். வெல்லத்துக்கு ஒரு தேக்கரண்டி, ஐந்து கிராம் சுமார், எல்லாப் பழமும் சேர்த்து. கேரட்டும் அந்தக் கணக்கில்தான். கேரட்டின் தழையைக் கீரையோடு தின்னட்டும், கிழங்கு இனிப்பு. முட்டைக்கோஸும் தினமும் வேண்டாம். ஆறு மாதம் ஆகாத குட்டிக்குப் பழமே வேண்டாம். உடம்பு பெருத்த முயலுக்கும் வேண்டாம். புதுப் பழம் என்றால் ஒரு நாளைக்கு ஒன்று, மறுநாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்தது.

ஒரு தேக்கரண்டி என்றதும் அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் நான் அதற்குள் ஒன்றைக் கவனித்திருந்தேன். முயல் அளவு பார்ப்பதில்லை. பாதிப் பழம் கொடுத்தாலும் ஓடிவரும், பொட்டளவு கொடுத்தாலும் அதே ஓட்டம், அதே குதி. தின்று முடித்துவிட்டு உங்கள் விரலை முகர்ந்து இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே மாதிரிதான். அது எண்ணுவது எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்பதை. அப்படியானால் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பொட்டு. ஒரு வாழைப்பழத்தில் மெல்லிய வில்லை ஒன்று வெட்டி, அதை ஐந்தாக நறுக்கினால் வேலை முடிந்தது.

இப்போது ஃப்ரிட்ஜில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது, சந்தனக் கிண்ணம் அளவு. காலையில் அன்றைய பழத்தை நறுக்கி அதில் போட்டுவிடுவோம். யார் கொடுத்தாலும் அதிலிருந்து எடுத்துத்தான். கிண்ணம் காலியானால் அன்றைக்குக் கடை மூடியாயிற்று. வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் 'கொஞ்சம்' கொடுப்பதை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். விருந்தாளி வந்தால் அவர்களுக்கும் கிண்ணம்தான். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

எந்தப் பழம் என்றால், நம் ஊருக்குக் கொய்யாதான் முதல். நூறு கிராமில் இனிப்பு ஒன்பது கிராம் போல, நார் ஐந்து கிராம். விதைப் பகுதியை வழித்துவிட்டு ஓரத்துச் சதையைக் கொடுக்கிறேன். கொய்யா இலையையும் வெல்லம் விரும்பித் தின்னும். தர்பூசணியில் நமக்குச் சிவப்பு, அதற்கு வெள்ளை. தோலை ஒட்டிய அந்த வெள்ளைப் பகுதியில் இனிப்பு குறைவு, தண்ணீர் நிறைய, கறுக்மொறுக்கென்று கடிக்கவும் ஆகும். பப்பாளி ஒரு பொட்டு சரி. ஆனால் பப்பாளி கொடுத்தால் முயல் நக்கி விழுங்கிய ரோமம் வயிற்றில் கரைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கரையாது. ரோமத்தை வெளியே தள்ளுவது ஓடிக்கொண்டிருக்கிற குடல். அதை ஓடவைப்பது புல். ஆப்பிள், பேரிக்காய் என்றால் விதையை எடுத்துவிட வேண்டும். ஆப்பிள் விதையை மென்றால் சயனைடு உண்டாகும். மாதுளையில் நாலு முத்து. திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஒன்றில் பாதி. அதே திராட்சை காய்ந்து கிஸ்மிஸ் ஆனால் எடைக்கு எடை நாலு மடங்கு இனிப்பு. கிஸ்மிஸ், பேரீச்சை பக்கம் போவதில்லை. வாழை, சப்போட்டா, பலா மூன்றும் ரொம்ப இனிப்பு. வாழை மட்டும் மாமாவுக்காக வாரம் இரண்டு நாள்.

மாம்பழம்தான் சங்கடம். சித்திரை, வைகாசியில் வீடே மணக்கும்போது அதற்கு மட்டும் இல்லை என்றால் எப்படி? தோல் சீவி, கொட்டைப் பக்கம் போகாமல், கன்னத்திலிருந்து ஒரு பொட்டு. கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் என்று சந்தேகம் வந்தால் வீட்டில் யாருக்குமே இல்லை. அந்தக் கல் தடை செய்யப்பட்டது, ஆனாலும் மார்க்கெட்டில் முகர்ந்து பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

பொட்டுகூட வேண்டாம் என்று இரண்டு உண்டு. கொடைக்கானல் பக்கம் பட்டர் ஃப்ரூட் என்கிறார்களே, அந்த அவகாடோ. அதில் இருக்கிற பெர்சின் என்ற பொருள் முயலுக்கு நேரடி விஷம், பழம், தோல், இலை எதுவும் ஆகாது. இன்னொன்று சீத்தாப்பழ விதை. பேன் சாக அரைத்துத் தலையில் தேய்ப்பார்களே, அதே விதைதான். சீத்தாப்பழம் சாப்பிட்டு விதையைத் துப்புகிற வீட்டில் கூடத்தை ஒருமுறை பெருக்கிவிட்டு முயலைத் திறந்துவிடுங்கள். பூஜைத் தேங்காயும் வேண்டாம். விஷமில்லை, ஆனால் அவ்வளவு கொழுப்பை வைத்துக்கொண்டு அந்தக் குடல் என்ன செய்யும்.

பொட்டுப் பழத்தால் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் வந்தது. முயல் நோயை மறைக்கிற பிராணி. எதற்கும் இரையாகிற உயிர், சோர்ந்தது தெரிந்தால் பருந்தும் நரியும் அதைத்தான் குறிவைக்கும். அதனால் கடைசி வரை ஒன்றுமில்லாதது மாதிரியே உட்கார்ந்திருக்கும். புல்லைக் குறைவாகத் தின்றால் நமக்குத் தெரியாது, கீரை மிச்சமிருந்தால் வெயில் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் பழத்தை வேண்டாம் என்றால்? தினமும் காலை ஏழு மணிக்கு முதல் பொட்டைக் கொடுப்பது இப்போது என் வேலை. போன மே மாதம் ஒருநாள் கொய்யாத் துண்டை நீட்டினேன். முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவுதான், மற்றபடி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தட்டைப் பார்த்தால் புழுக்கை சிறுத்து, ரோமத்தில் கோத்த மணி மாதிரி இரண்டிரண்டாகக் கிடந்தது. அது ரோமம் உதிர்க்கிற பருவம். எட்டரைக்கெல்லாம் டாக்டரிடம் இருந்தோம். முதல்முறை மூன்று நாள் ஆனது, இந்த முறை மத்தியானமே புல் தின்ன ஆரம்பித்துவிட்டது. "எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?" என்றார். கொய்யா வேண்டாம் என்று சொன்னது என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

தினமும் வயிறு நிறையப் பழம் போட்டிருந்தால் இந்த மறுப்பு எனக்குப் புரிந்திருக்காது. நிறைந்த வயிறும் முகத்தைத் திருப்பும் அல்லவா.

மருந்து கொடுக்கவும் அதே பொட்டு. கசப்பு மருந்தை மசித்த வாழைப்பழத்தில் ஒரு துளி கலந்து சிரிஞ்சு நுனியில் தடவினால் தானே வந்து நக்கும். நகம் வெட்டுவதும் அப்படித்தான். நாலு நகத்துக்கு ஒரு பொட்டு என்று எங்களுக்குள் ஒப்பந்தம். பதினெட்டு நகம், ஆகவே நாலரைப் பொட்டு. மகள் அந்த அரையையும் விடமாட்டாள்.

அத்தை முழுதாக என் கட்சிக்கு வந்துவிட்டார். அந்த விடியற்காலை மிளகுக்குப் பிறகு அவரிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொத்துமல்லி ஆய்ந்தால் தண்டை ஒதுக்கிவைக்கிறார், முள்ளங்கி வாங்கினால் இலையோடு கேட்டு வாங்குகிறார். தட்டைப் பெருக்கும்போது, "இன்னைக்கு நல்லா போயிருக்கு" என்று பேரப்பிள்ளையின் வயிற்றைப் பற்றிச் சொல்வது போல எனக்கு அறிக்கை வரும். மாமாதான் இன்னும் மதில்மேல் பூனை.

போன வாரம் அம்மா வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தேன். சாயங்காலம் அத்தையிடமிருந்து போன். பதறி எடுத்தேன்.

"ஏம்மா, கிண்ணம் காலி. நான்தான் கடைசிப் பொட்டைக் கொடுத்தேன். உன் மாமா பண்ருட்டிப் பலாச்சுளையைக் கையில வச்சுக்கிட்டு அது பின்னாலேயே சுத்துறார். நீயே ஒரு வார்த்தை சொல்லு, இந்தா" என்று போனை மாமாவிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நானேதாம்மா தின்னுக்கிட்டிருக்கேன்" என்றார் மாமா.